ஆமென் என்று மட்டும் பதில் போடுகிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

வயதில் நான்தான் மூத்தவளாக இருப்பேன், எனக்கு 48. ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டால்தான் மனசில் இருப்பது வெளியே வரும்போல் இருக்கிறது. பெயர் போட வேண்டாம். தூத்துக்குடிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். போன வருடம் மார்ச் மாதம் ஒரு விடியற்காலை, கடுங்காப்பி கேட்டுவிட்டு முன்வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தார். நான் காப்பியோடு போனபோது தலை சாய்ந்திருந்தது. 51 வயது. அதற்கு முன்னால் ஒரு காய்ச்சல் என்றுகூடப் படுத்தவர் இல்லை.

நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி. எங்கள் சபையில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும், வருகிற வருடத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைப் பெட்டியிலிருந்து எடுப்போம். அந்த வருடம் எங்கள் குடும்பத்துக்காக அவர்தான் பெட்டிக்குள் கையை விட்டார். ‘நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்’ என்று வந்தது. வேதாகமத்தில் சங்கீதம் 91, கடைசி வசனம். சந்தோஷமாகக் கொண்டுவந்து பீரோ கண்ணாடியில் ஒட்டினார். எண்ணிப் பார்த்தேன் அக்கா, அதற்குப் பிறகு அவர் இருந்தது 76 நாள்.

அட்டையைக் கிழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. எடுத்து அவருடைய வேதத்துக்குள் வைத்து மூடிவிட்டேன். என் வேதத்தை இன்றைக்கும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசிக்கிறேன். 30 வருடப் பழக்கம். முன்பெல்லாம் ஒரு வசனமாவது அன்றைக்கு முழுவதும் கூடவே வரும், பள்ளிக்கூடம் போகிற பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு போவேன். இப்போது எழுத்துதான் தெரிகிறது. வாசித்து முடித்ததும் எதை வாசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சபை குரூப்பில் தினமும் ஐந்தரைக்கு சூரியன் உதிக்கிற படம் போட்டு ஒரு வசனம் வரும். எல்லாரும் ஆமென் போடுவார்கள். நானும் போடுகிறேன், போடாவிட்டால் யாராவது போன் பண்ணிக் கேட்பார்களே என்று. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு அம்மா, “உள்ளுக்குள்ள ஏதாவது பாவம் தடையா இருக்கான்னு சோதிச்சுப் பாருங்க” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ராத்திரி முழுவதும் நான் செய்த பாவங்களை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் பாதி வசனத்தில் தொண்டை அடைத்துவிட்டது. இருமல் வந்ததுபோல் நடித்து வெளியே போய் நின்றேன். அந்தப் பிள்ளைகளை ஏமாற்றுகிறோமே என்று இருக்கிறது.

ராத்திரி மூன்று மணிக்கெல்லாம் முழிப்பு வந்துவிடுகிறது. சமைப்பதே இல்லை, ஒருத்திக்கு என்ன சமையல்? ஏழு கிலோ குறைந்துவிட்டேன். மகள் மதுரையில் காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தினமும் ராத்திரி கூப்பிட்டு, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்பாள். “சாப்பிட்டேன்டி” என்பேன். அவளும் நானும் அவளுடைய அப்பாவைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை. சில நாள் காலையில் முழிக்காமலே இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தோன்றுகிறது. தப்பாக ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன். ஆனால் தோன்றுகிறது.

என் விசுவாசம் செத்துவிட்டதா அக்கா? வேதம் வாசிப்பதை நிறுத்திவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். முழிக்காமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு. அதை வெளியே சொன்னீர்களே, பெரிய காரியம். அந்த நினைப்பு அடிக்கடி வந்தாலோ, ‘தோன்றுகிறது’ என்பது ‘எப்படி’ என்று மாறுகிறாற்போல் இருந்தாலோ, அந்த நேரமே யாரையாவது கூப்பிடுங்கள். 14416 என்பது அரசின் மனநல உதவி எண், டெலிமானஸ் என்பார்கள். ராத்திரி மூன்று மணிக்கும் தமிழில் பேச ஆள் இருப்பார்கள், காசு கிடையாது. எண்ணை இப்போதே போனில் பதிந்துவிட்டு மேலே படியுங்கள்.

பதிந்தாயிற்றா? சரி.

நீங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது சாப்பாடும் தூக்கமும். மூன்று மணிக்கு முழிப்பு, ஏழு கிலோ இறக்கம், வாசித்தது நினைவில் நிற்காதது, எண்ணி எண்ணிக் குற்ற உணர்வு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலே மனச்சோர்வு நோயா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். உங்களுக்கு மாதக்கணக்கில் போகிறது. அந்த நோய் வந்தால் மனசு மரத்துவிடும். அதற்கு வேதம், வெளி வேலை என்ற பேதம் தெரியாது. ஒன்று யோசித்துப் பாருங்கள்: பிடித்த கீர்த்தனை, மழை வாசனை, வகுப்பில் ஒரு பிள்ளை சொன்ன வேடிக்கை, இவையாவது உள்ளே போகிறதா? அவையும் போகவில்லை என்றால், வசனம் மட்டும் உங்களைக் கைவிட்டுவிடவில்லை. நாக்கே மரத்திருக்கும்போது சர்க்கரையைக் குறை சொல்ல முடியுமா? இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். எடை குறைந்திருப்பதால் சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிடுவார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். ஜெபம் பண்ணுகிறவள் மாத்திரை போடலாமா என்று உங்கள் சங்கத்தில் யாராவது கேட்டால், தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் என்ன எழுதினார் என்று கேளுங்கள். கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கா ஜெபிக்கத் தெரியாது?

இனி அந்த அட்டை.

நானும் ஜெபக் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். டிசம்பர் 31 ராத்திரி அந்தப் பெட்டிக்குள் கை போகும்போது வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்குமே, அது எனக்கும் தெரியும். அந்த வழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு நாளுக்கு ஒரு வசனம் என்று பிடித்துக்கொள்வதும் பழைய வழக்கம்தான். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1728-இல் தினம் ஒரு வசனத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1731-இல் இருந்து அது புத்தகமாகவே வருகிறது, இன்றும் சீட்டுப் போட்டுத்தான் வசனங்களை எடுக்கிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் ஓர் ஆள் வாசலில் வந்து நின்று அந்த வசனத்தைச் சொன்னார், கவனியுங்கள். உங்களுக்கு ஐந்தரை மணிக்கு வருவது சூரியன் படம்.

உங்கள் வீட்டுக்காரர் எடுத்தது 91-ஆம் சங்கீதம். அதே சங்கீதத்தை மத்தேயு நான்காம் அதிகாரத்தில் ஒருவன் இயேசுவிடம் எடுத்துச் சொல்கிறான், நினைவிருக்கிறதா? தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, “தாழக்குதியும்; தூதர்கள் உம்மை ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே” என்றவன் சோதனைக்காரன். வசனம் சரியாகத்தான் இருந்தது. அதை உத்தரவாதப் பத்திரம்போல் நீட்டியதுதான் கோணல். இயேசு அதை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சங்கீதத்தைச் சிறுவயதிலிருந்தே அறிந்திருப்பார். அவருக்கும் நீடித்த நாட்கள் கிடைக்கவில்லை, முப்பதுகளிலேயே சிலுவைக்குப் போனார். உங்கள் வீட்டுக்காரர் எடுத்த வசனம் அவர் பெயருக்கு எழுதிய ஆயுள் பாலிசி இல்லை. அவர் விசுவாசத்திலும் குறை இல்லை, உங்களிடமும் மறைந்த பாவம் எதுவும் அதைக் கெடுக்கவில்லை. அந்த 76 நாளும் அவர் அதைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தாரே, அது பொய்யாகிவிடாது.

அப்படியென்றால் ஏன் இப்படி நடந்தது என்று கேட்பீர்கள். எனக்கு அதற்குப் பதில் இல்லை. சகோதரன் லாசரு செத்துப்போனபோது மார்த்தாளுக்கும் இருக்கவில்லை. “நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்று இயேசுவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவள் சகோதரி மரியாளும் வந்து அதையே சொன்னாள். இயேசு இரண்டு பேரையும் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே ஏதாவது பாவம் இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. அழுதார்.

வேதம் வாசிப்பதை நிறுத்தலாமா? விட முடிந்தால் கொஞ்ச நாள் விடலாம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் 30 வருடப் பழக்கம், விட்டால் அது வேறு ஒரு குற்ற உணர்வாக வந்து உட்காரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் வாசிக்கிற விதத்தை மட்டும் மாற்றுங்கள். ஆறுதல் தேடி வசனம் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, முறையிடுகிற பக்கங்களுக்குப் போங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். அவை வாக்குத்தத்தப் பெட்டிக்குள் வருவதில்லை, அதனால் நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. 13-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள், ஆறே வசனம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான் ஆரம்பம். கடைசி இரண்டு வசனத்தின் துதிக்கு அவசரமாக ஓட வேண்டாம். நான்காவதில் நிற்கத்தான் முடிகிறதென்றால் அங்கேயே நில்லுங்கள். ஒரு வாரம் முழுவதும் அதே சங்கீதம், வாய்விட்டு வாசியுங்கள். அப்புறம் ஒரு நோட்டில் உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். கோபமாக வந்தால் கோபமாகவே எழுதுங்கள்.

அடுத்து 88-ஆம் சங்கீதம். அது மற்ற சங்கீதங்கள்போல் கடைசியில் வெளிச்சத்துக்குத் திரும்புவதில்லை, நண்பர்களெல்லாம் விலகிப்போன இடத்தில் அப்படியே முடிகிறது. அதை எழுதியவருக்கு விசுவாசம் செத்துவிட்டது என்று யாரும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போடவில்லையே.

குரூப்பில் அடிக்கடி வருமே எரேமியா 29:11, ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’. ஒரு நாள் அதிகாரம் முழுவதையும் படித்துப் பாருங்கள். அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம். முந்தின வசனம் 70 வருடம் ஆகும் என்கிறது. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அதுவரைக்கும் என்ன செய்ய வேண்டும்? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று எழுதியிருக்கிறது. சந்தோஷமாக இருங்கள் என்று எழுதவில்லை. படத்தோடு வரும் ஒற்றை வசனத்தில் இந்த 70 வருடம் தெரியாது, அதனால்தான் அது உங்களுக்குக் குத்துகிறது. குரூப்பை மியூட் பண்ணிவிடுங்கள். யாராவது போன் பண்ணினால், “கொஞ்ச நாள் அமைதியா இருக்கேன்” என்று சொன்னால் போதும்.

ஓய்வுநாள் பள்ளியிலிருந்து மூன்று மாதம் லீவு கேளுங்கள். உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் காரணத்தையும் சொல்லலாம், எத்தனையோ துக்க வீடு பார்த்தவராக இருப்பார். பிள்ளைகளை நீங்கள் ஏமாற்றவில்லை. தொண்டை அடைத்தது அந்த வசனம் உங்களுக்கு இன்னும் முக்கியமாக இருப்பதால்தானே?

கடைசியாக எலியா தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் அவர் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய காரியம் நடந்த கையோடு வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் விழுந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றார். நீங்கள் எழுதிய வரிதான் அது. அவருக்கு அந்த நேரத்தில் வசனம் எதுவும் வரவில்லை. தூதன் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் தூதன் வந்து அதையேதான் சொன்னான், வழி ரொம்ப தூரம் என்று மட்டும் கூடச் சேர்த்து. ஆண்டவருடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் நாற்பது நாள் நடந்த பிறகு.

அதனால் ஐந்து மணிக்கு வேதத்துக்கு முன்னால் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ உள்ளே போகட்டும். வெறும் வயிற்றில் ஆண்டவரைத் தேட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

உங்கள் மகள் தினமும் ராத்திரி அந்தத் தூதன் கேட்டதைத்தான் கேட்கிறாள். அவளும் அப்பாவை இழந்தவள். அவரைப் பற்றி எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல்கூட அந்த ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இன்று ராத்திரி அவள் கூப்பிட்டு, “சாப்பிட்டியாம்மா?” என்றால், இல்லை என்று சொல்லுங்கள். அப்பா ஞாபகமாகவே இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா