காலை ஐந்து மணிக்கு கட்-ஆஃப் பேச்சு வேண்டாமே

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ தேர்வு நெருங்க நெருங்க, மகளுக்குக் கண் விழித்ததுமே நெஞ்சு படபடக்கிறது, இட்லி இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். லேபில் ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ பார்க்கலாமா என்றும் கேட்கிறீர்கள். நீங்களாகப் போய்ப் பார்க்க வேண்டாம்.

அந்த ஹார்மோனின் பெயர் கார்ட்டிசோல். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஊறுவது. நள்ளிரவு வாக்கில் அடங்கிக் கிடக்கும், விடியும்போது ஏறும், எழுந்த 30 முதல் 45 நிமிடத்துக்குள் இன்னும் ஒரு எட்டு மேலே போகும். பலருக்கு இந்த ஏற்றம் 50 சதவீதம்கூட இருக்கும். தேர்வே இல்லாத உங்களுக்கும் எனக்கும்கூட அப்படித்தான். தேர்வுக் காலத்தில் மாணவர்களின் உமிழ்நீரைச் சோதித்த ஆய்வுகளில் சிலவற்றில் இந்த ஏற்றம் கூடியிருந்தது, சிலவற்றில் மங்கியிருந்தது. அதனால் ஒரு நாள் ரத்தத்தில் வரும் எண்ணை வைத்து ‘டென்ஷன் இவ்வளவு’ என்று சொல்ல முடியாது. டாக்டர்கள் அந்தப் பரிசோதனையை எழுதுவது பெரும்பாலும் சுரப்பிக் கோளாறைப் பார்க்கத்தான்.

நான் கவனித்தது உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் வந்த ஒரு வரியை. “தினமும் ஐந்து மணிக்கு எழுப்பும்போதே, கட்-ஆஃப் 190 வருமா என்று கேட்பேன்.” உடம்பு தானாகவே சூடேறுகிற நேரம் அது. அதில் நாமும் ஏன் விறகு வைக்க வேண்டும்? 2000-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடம்புக்குள் போய்க் கார்ட்டிசோலாக மாறும் கார்ட்டிசோன் மாத்திரை போட்டவர்கள், முந்தைய நாள் படித்த சொற்களை நினைவுக்குக் கொண்டுவரத் திணறினார்கள். தேர்வு ஹாலில் “படிச்சதுதான், வரமாட்டேங்குது” என்று பிள்ளைகள் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இரவு பன்னிரண்டு வரை படித்துவிட்டு ஐந்துக்கு எழுவதை முதலில் நிறுத்துங்கள். அவள் வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் காபியும் வேண்டாம், படபடப்பு கூடும். தேர்வு காலை பத்து மணிக்கு. சரி, மாதிரித் தேர்வையும் பத்து மணிக்கே எழுதட்டும், உடம்புக்கு அந்த நேரம் பழகும். அப்புறமும் படபடப்பும் பசியின்மையும் தொடர்ந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். மனம் விட்டுப் பேச 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

கட்-ஆஃப் கணக்கு, கல்லூரிப் பட்டியல் எல்லாவற்றுக்கும் ஞாயிறு மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேனா அவள் கையில் இருக்கட்டும்.