நிறுவனத்துக்கு எது கைவந்திருக்கிறது? நிறுவனத் திறன் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (மேலாண்மை மாணவி): வணக்கம் சார். வளம், தனிநபர் திறமை, நிறுவனத் திறன் மூன்றையும் தேர்வில் எழுதிவிடுகிறேன். ஒரு கம்பெனியைக் காட்டி இதில் எது எது என்று கேட்டால் தடுமாறுகிறேன்.

பதில்: காசு கொடுத்து வாங்க முடிந்தால் அது வளம்: இயந்திரம், மென்பொருள், கட்டடம். மாலையில் ஆளோடு சேர்ந்து வீட்டுக்குப் போய்விடுவது தனிநபர் திறமை. எந்த ஷிஃப்டில் யார் இருந்தாலும், ஆர்டர் குவிந்த வாரத்திலும், அதே வேலை அதே தரத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் அது நிறுவனத் திறன். வளம் வேறு, அதிலிருந்து ஒரு நிறுவனம் எடுக்கும் பயன் வேறு என்று பொருளியலாளர் எடித் பென்ரோஸ் 1959-லேயே பிரித்துக் காட்டினார். ஒரே இயந்திரம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக உழைப்பதை அந்தப் பிரிவினையால்தான் விளக்க முடியும்.

எழுதும்போது செயலும் அளவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'சிறந்த வாடிக்கையாளர் சேவை' என்பது விளம்பர வாசகம். 'உதிரிப்பாக ஆர்டர்களில் 100-க்கு 95-ஐ 48 மணி நேரத்துக்குள் அனுப்புகிறோம்' என்பது திறன். அதைப் பொய்யா மெய்யா என்று சோதிக்க முடியும்.

கேள்வி (சிறு உற்பத்தி நிறுவன உரிமையாளர்): எங்கள் நிறுவனத்தில் இதை எப்படி மதிப்பிடுவது? ஆலோசகர் ஒருவர் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பினோம். எல்லாத் துறைக்கும் 5-க்கு 4 வந்தது.

பதில்: அந்தக் கேள்வித்தாளை ஓரமாக வையுங்கள். தன் துறைக்குத் தானே மதிப்பெண் போடச் சொன்னால் எல்லாரும் 4-தான் போடுவார்கள். பதிவேடுகளிலிருந்து தொடங்குங்கள்.

வாடிக்கையாளருக்கு நீங்கள் கொடுக்கும் வாக்குறுதிகளில் முக்கியமான மூன்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடைசியாக முடித்த 20 வேலைகளின் தொடங்கிய, முடித்த தேதிகளை வரிசையாக எழுதுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்க வேண்டாம். இப்போது சராசரியை விட்டுவிட்டு விரிவை, அதாவது குறைந்த நாளுக்கும் அதிகபட்ச நாளுக்கும் உள்ள இடைவெளியை, பாருங்கள். சராசரி 6 நாள், குறைந்தது 2, அதிகபட்சம் 19 என்று வந்தால் அந்த வேலை உங்களுக்கு இன்னும் கைவரவில்லை. சராசரி 8 நாள், எல்லாமே 7-க்கும் 9-க்கும் நடுவில் என்றால் கைவந்திருக்கிறது. இனி வேகப்படுத்தினால் போதும். முதல் நிலையில் இருந்துகொண்டு வேகப்படுத்தினால் குழப்பம்தான் வேகமாகும்.

அடுத்து, வழக்கமான ஆள் விடுப்பில் இருந்த நாட்களின் வேலைகளைத் தனியாகப் பிரியுங்கள். தரமோ நேரமோ அங்கே சரிந்தால், உங்களிடம் இருப்பது ஒருவருடைய திறமை.

பிறகு ஓர் ஆர்டரின் பின்னாலேயே நடந்து போங்கள். யார் கையில் எவ்வளவு நேரம் வேலை நடந்தது, எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்று இரண்டு பத்தியாகக் குறியுங்கள். காத்திருப்பு பெரும்பாலும் ஒரு துறை இன்னொரு துறையிடம் கைமாற்றும் இடத்தில் இருக்கும். எந்தத் துறைத் தலைவரும் அதைத் தன் குறையாகச் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அது யாருடைய எல்லைக்குள்ளும் இல்லை. கேள்வித்தாளில் அது விழாததற்கும் காரணம் அதுவே.

சிக்கல் எங்கே என்று தெரிந்ததும் ஐந்து விஷயங்களில் எது குறைகிறது என்று கேளுங்கள்: ஆள், செய்முறை, கருவி, தகவல், முடிவெடுக்கும் அதிகாரம். கடைசி இரண்டையும் முதலில் பாருங்கள். பலரும் ஆளிலேயே நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி (மனிதவளப் பிரிவு): விற்பனைக் குழு முழுவதையும் பேரம் பேசும் பயிற்சிக்கு அனுப்பினோம். மூன்று மாதம் ஆகியும் மாற்றமில்லை. பயிற்சி சரியில்லையா?

பதில்: பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: 2 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் கொடுக்க அவர்கள் யாரிடம் கேட்க வேண்டும்? பதில் வர எத்தனை நாள்?

அவரே: மண்டல மேலாளரிடம். மூன்று நாள் ஆகும்.

பதில்: அங்கேதான் அடைப்பு. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது முடிவெடுக்க முடியாதவருக்குப் பேரம் பேசும் பயிற்சி எதற்கு? ஒரு வரம்பு வரை அவர்களே முடிவு செய்யட்டும். அந்த ஆர்டரில் லாபம் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு அவர்கள் கையில் இருக்கட்டும். ஊக்கத்தொகை விற்ற தொகைக்கு மட்டும் என்றால் அதையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதிகாரம் கொடுத்த மறுநாளே எல்லாரும் வரம்பின் உச்சிக்குப் போய்விடுவார்கள்.

இனிப் பயிற்சி கொடுத்தால், சேர்ந்து வேலை செய்யும் ஒரு குழுவை அதன் மேலாளரோடு சேர்த்து அனுப்புங்கள். துறைக்கு ஒருவர் என்று பொறுக்கி அனுப்பினால், திரும்பி வந்தவர் பழைய வழக்கத்துக்கு நடுவே தனியாக நிற்பார்.

கேள்வி: போட்டியாளர் வைத்திருக்கும் அதே மென்பொருள், அதே முறை. அவர்களுக்கு ஓடுகிறது, எங்களுக்கு ஓடவில்லையே?

பதில்: இதற்கு நூம்மி தொழிற்சாலையைவிட நல்ல பாடம் இல்லை. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலை அது. 1984-ல் டொயோட்டாவும் அவர்களும் கூட்டாகத் திறந்தார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, தொழிற்சங்கமும் அதுவே. ஆனாலும் தரம் வெகுவாக உயர்ந்தது. கண்ணெதிரே நடந்த இதைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

டொயோட்டா முறையில் கோளாறு கண்டவர் மேலே தொங்கும் ஆண்டன் கயிற்றை, அதாவது உதவி கேட்கும் எச்சரிக்கைக் கயிற்றை, இழுப்பார். உடனே குழுத்தலைவர் ஓடி வருவார். அந்த நிலையத்தின் எல்லைக்குள் சரியாகாவிட்டால்தான் வரிசை நிற்கும். கயிற்றை மாட்டுவது எளிது. ஆனால் ஒரு சில ஆட்களுக்கு ஒரு குழுத்தலைவர், அவர் கையில் வேறு வேலை இல்லாமை, இழுத்தவரைத் திட்டாத மேலாளர் என்று பின்னால் இருப்பவை கண்ணில் படுவதில்லை. அவை இல்லாத இடத்தில் கயிற்றை யாரும் தொட மாட்டார்கள்.

உங்கள் மென்பொருளுக்கும் இதே கேள்விதான்: அது எச்சரிக்கை காட்டியதும் எழுந்து போகிறவர் யார், அவருக்கு அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா?

கேள்வி: வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு முதிர்ச்சி நிலை 1 முதல் 5 வரை என்கிறார்கள். எல்லாவற்றிலும் 5-ஐ எட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் மென்பொருள் பணிகளுக்காக உருவாக்கிய ஏணி அது. வாடிக்கையாளர் உங்களைத் தேர்ந்தெடுக்கக் காரணமான ஓரிரு திறன்களில் மேலே ஏறுங்கள். மற்றவற்றுக்கு அது தேவையில்லை: சம்பளப் பட்டியல் பிழையின்றி, தேதி தவறாமல் வந்தால் போதும்.

கேள்வி: பல ஆண்டுகளாக ஒரே பொருளில் பெயர் வாங்கிவிட்டோம். அந்தத் திறனே நாளைக்குச் சுமையாகுமா?

பதில்: ஆகும். மேலாண்மை ஆய்வாளர் டோரதி லியோனார்ட்-பார்ட்டன் 1992-ல் இதைத் தெளிவாக எழுதினார்: எதை நன்றாகச் செய்கிறோமோ அதைச் சுற்றியே ஆள், கருவி, பாராட்டு எல்லாம் அமைந்துவிடுவதால், புதிதாக வருவது வீட்டுக்குள் அந்நியமாகிவிடுகிறது.

புகைப்படச் சுருள் செய்த கோடாக், ஃபுஜிஃபிலிம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடாக் பொறியாளர் 1975-லேயே டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். 2012-ல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. புகைப்படச் சுருளின் சந்தை ஃபுஜிக்கும் அதே வேகத்தில்தான் கரைந்தது. ஆனால் சுருள் செய்யும்போது கைவந்த வேதியியலை அவர்கள் தனியே எடுத்துப் பார்த்தார்கள். கொலாஜன், ஆக்சிஜனேற்றத் தடுப்பு, மெல்லிய படலங்களை ஒரே சீராகப் பூசுதல் ஆகியவை சருமப் பராமரிப்புப் பொருட்களுக்கும் எல்சிடி திரைக்கான படலங்களுக்கும் வழி காட்டின. கோடாக்கோ தன் ரசாயனப் பிரிவை 1994-லேயே தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டிருந்தது.

உங்கள் பொருளின் பெயரைச் சொல்லாமல், அதைச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் உற்பத்தித் தளத்தில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு புதிய திறன் உருவாக எத்தனை மாதம் ஆகும்?

பதில்: மாதத்தைவிட, அந்த வேலை எத்தனை முறை முழுதாக நடக்கும் என்று எண்ணுங்கள். தினமும் பொருள் அனுப்பும் குழு ஒரு மாதத்தில் இருபது தடவைக்கு மேல் செய்து திருத்திக்கொள்ளும். மாதக் கணக்கு முடிக்கும் குழுவுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு வாய்ப்புதான். பணத்தை இரட்டிப்பாக்கினால் காலம் பாதியாகாது. சுற்றுகள் குறைவாக இருந்தால் ஒத்திகைச் சுற்றுகளைச் சேர்க்கலாம்: பழைய மாதத்தின் கணக்கை எடுத்துக்கொண்டு புதிய முறையில் மறுபடி முடித்துப் பார்ப்பது போல. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து, எங்கே விதியை மீற வேண்டிவந்தது என்பதை மட்டும் குறித்துவைத்து, அடுத்த சுற்றுக்கு முன் செய்முறையில் ஒரு வரியாவது மாற்றுங்கள். முக்கியமானவரைப் பத்து வேலைநாள் விடுப்பில் அனுப்பியும் விரிவு மாறவில்லையென்றால், அந்த வேலை நிறுவனத்துக்குக் கைவந்துவிட்டது.