பாக்மேன் போர்டில் குப்பைப் படம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் வாசகர் ஒருவர் 1980-இல் வந்த பாக்மேன் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் வீடியோ கேம்) இயந்திரத்தின் சர்க்யூட் போர்டு ஒன்றை வாங்கியிருக்கிறார். ஸ்விட்சைப் போட்டால் திரை முழுக்க எழுத்தும் எண்ணும் சிதறிக் கிடக்கின்றன. கண் இமைப்பதற்குள் அது வேறு குப்பையாக மாறுகிறது, விளையாட்டு தொடங்குவதே இல்லை. ராம் (தற்காலிக நினைவக) சிப்புகளை எல்லாம் மொத்தமாக மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். சால்டரிங் அயர்ன் இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். படம் உருளாமல் நிற்கிறது என்றால் பாதி போர்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 18.432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் படத்தை ஒழுங்காக நிறுத்தும் கவுண்டர்களும் வேலை செய்கின்றன. படுத்திருப்பது ப்ராசஸர் பக்கம்தான்.

படம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? இந்தப் போர்டில் வாட்ச்டாக் என்று ஒரு காவல்காரன் உண்டு. ப்ரோகிராம் அதற்கு அடிக்கடி ஒரு குரல் கொடுக்க வேண்டும். 16 ஃபிரேம், அதாவது ஏறக்குறைய கால் நொடி, குரல் வரவில்லை என்றால் அது ப்ராசஸரை ரீசெட் செய்துவிடும். இந்தப் போர்டின் ப்ராசஸரான இசட்80 சிப்பின் 26-ஆவது காலில் லாஜிக் ப்ரோபை (சிக்னல் இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்தால் அந்தத் துடிப்பு தெரியும். வாட்ச்டாக் தன் வேலையைத்தான் செய்கிறது, அதைக் குறை சொல்லாதீர்கள்.

சரி, ப்ரோகிராம் ஏன் ஓடவில்லை? முதலில் கரண்டைப் பாருங்கள். மல்டிமீட்டரின் முனைகளை இசட்80-இன் 11-ஆவது காலிலும் 29-ஆவது காலிலும் வையுங்கள். 4.75 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மற்ற எல்லாச் சந்தேகத்தையும் ஒத்திவையுங்கள். ஒருமுறை நான் மூன்று ராம் சிப்புகளைப் பிடுங்கிய பிறகுதான் இதை அளந்தேன், 4.4 வோல்ட் காட்டியது. மூன்று சிப்பும் நல்ல சிப்பு.

இன்னொன்று, பாக்மேன் போர்டுக்குள் போவது டிசி இல்லை. சுமார் 7 வோல்ட் ஏசி போகிறது, போர்டிலேயே இருக்கும் டயோடுகளும் ரெகுலேட்டரும் அதை 5 வோல்ட் ஆக்குகின்றன. இது தெரியாமல் 5 வோல்ட் டிசி சப்ளையை அதே முனைகளில் கொடுத்தால், டயோடு தின்றது போக மிச்சம்தான் சிப்புக்குப் போகும். ஏசி சரியாக வந்தும் 5 வோல்ட் குறைந்தால், 44 முனை கனெக்டரில் கருகிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பெரிய ஃபில்டர் கபாசிட்டர். மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே இரண்டு கால்களில் அளந்தால் சில நூறு மில்லிவோல்ட் வருகிறதா? கபாசிட்டர் வயதாகிவிட்டது.

கரண்டு சரி என்றால் அடுத்த சந்தேகம் ராம் சிப்புகள் மேல் இல்லை, ப்ரோகிராம் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும் ரோம் சிப்புகளின் சாக்கெட்டுகள் மேல். ரோமைக் கழற்றும்போது ஒரே பக்கமாக நெம்பினால் கால் முறிந்துவிடும். இரு முனையிலும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக. வெள்ளிப் பூச்சுக் கால்கள் கருத்திருக்கும். பென்சில் ரப்பரால் வெளுக்கும்வரை தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, திசை மாறாமல் செருகுங்கள். பல போர்டுகள் இத்தோடு எழுந்து உட்கார்ந்துவிடும்.

ஓடத் தொடங்கியதும் போர்டு தன் நினைவகத்தைத் தானே சோதிக்கும். 2114 ராம் சிப்புகள் ஜோடி ஜோடியாக மூன்று வேலை பார்க்கின்றன: ஒன்று எழுத்துக்கு, ஒன்று நிறத்துக்கு, ஒன்று ப்ரோகிராமின் சொந்த உபயோகத்துக்கு. எழுத்து சரியாக இருந்து நிறம் மட்டும் தப்பினால் எந்த ஜோடி என்று சொல்லத் தேவையில்லை. சந்தேகப்பட்ட சிப்பின் முதுகில் நல்ல 2114 ஒன்றை, கால்கள் தொடும்படி அழுத்தி வைத்துப் பார்க்கலாம். படம் திருந்தினால் ஆள் அகப்பட்டான். திருந்தாவிட்டால் அவன் நிரபராதி என்று ஆகாது. உள்ளே ஷார்ட் ஆன சிப்பை இந்த வித்தை காட்டிக்கொடுக்காது.

மாற்றும்போது சிப்பை முழுசாகப் பிடுங்காதீர்கள், கூடவே செம்புத் தடமும் உரிந்து வரும். கால்களை நறுக்கிவிட்டு ஒவ்வொன்றாக உருக்கி எடுங்கள், அந்த இடத்தில் சாக்கெட் போடுங்கள். ரோமே போயிருந்தால் 2532 வகை ஈப்ராம் (ப்ரோகிராமை நாமே எழுதிக்கொள்ளக்கூடிய ரோம்) வாங்க வேண்டும். 2732 பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும், கால் அமைப்பு வேறு.