கிரேக்கத் தாத்தாவின் வேர்களை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கணவரின் தாத்தா கிரேக்கத்திலிருந்து மெல்போர்ன் வந்தவர், குடும்பப் பெயர் மட்டும்தான் தெரியும், அதற்கு மேல் தேட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் குடும்பப் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். நானும் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், அப்படித் தேடித்தான் எனக்கு ஒரு வருடம் போனது.

பெயரின் முடிவு திசையைக் காட்டும், அவ்வளவுதான். ‘-ஓபுலோஸ்’ என்றால் பெரும்பாலும் தெற்கே இருக்கும் பெலோப்பொனீஸ் தீபகற்பம், ‘-ஆகிஸ்’ என்றால் கிரீட் தீவு. அங்கே பாபாதோபுலோஸாக இருந்தவர் இங்கே வந்து பாபாஸ் ஆவதும் சகஜம். உங்களுக்கு முதலில் வேண்டியது ஊர்ப் பெயர். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் தாத்தாவின் குடியுரிமைக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள், எங்களுக்கு ஊர் அதில்தான் கிடைத்தது. அந்தப் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், வோதெனா எதேசா ஆனதுபோல நிறைய ஊர்களுக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள்.

அப்புறம், தாத்தாவுடைய அப்பாவின் பெயர். இது ரொம்ப முக்கியம். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பேரன் என்கிறோமே, அதே வழக்கம் அங்கேயும் உண்டு, மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர். அண்ணன் தம்பி நான்கு பேர் என்றால் நால்வரின் மூத்த பையனும் ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர், அப்பா பெயரை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். நான் பல மாதம் துரத்திய யோர்கோஸ் எங்கள் தாத்தாவே இல்லை, அவருடைய சித்தப்பா மகன்!

இந்த இரண்டும் கையில் இருந்தால் அந்த ஊர் நகராட்சிக்கோ, அரசு ஆவணக் காப்பகத்தின் மாவட்டக் கிளைக்கோ கிரேக்கத்தில் எழுதி ஆண்கள் பதிவேட்டு நகல் கேளுங்கள். ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்காக வைத்த பதிவேடு அது. பிறந்த தேதி சில நாள் தள்ளி வந்தால் குழம்பாதீர்கள், 1923 பிப்ரவரி 15-க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கி நாட்காட்டியை மாற்றினார்கள்.

அந்தப் பதிவேட்டில் பெண்கள் கிடையாது. கணவரின் கொள்ளுப்பாட்டியை ஒரு சீதனப் பத்திரத்தில்தான் கண்டுபிடித்தேன். போர்வை, செப்புக் கொப்பரை, ஒலிவ மரம் என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதி, அவளுடைய அப்பா பெயரும் கீழே இருந்தது. அன்றைக்கு மாமியார் அந்தத் தாளைக் கையை விட்டுக் கீழே வைக்கவேயில்லை.

ஒன்று மட்டும். குடும்பம் 1922-23-இல் சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்து, கிரேக்கத்துக்கு அகதியாக வந்ததென்றால் பாதை வேறு, ஏதென்ஸில் உள்ள சின்ன ஆசிய ஆய்வு மையத்திலிருந்து தொடங்க வேண்டும். ஊர்ப் பெயர் கிடைத்ததும் எழுதுங்கள், எந்தக் கிளைக்குக் கடிதம் போட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.