டயர் விலை ஏறுகிறது, எதில் மிச்சம் பிடிக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் கார் டயர் பற்றியவைதான் அதிகம். விலை கட்டுப்படி ஆகவில்லை, குறைந்த விலையில் கிடைப்பதை நம்பிப் போடலாமா, இதுதான் எல்லோருக்கும் கவலை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. ரப்பர் ஷீட் (பாலை உறையவைத்துக் காயவைத்த தகடு) விலை ஏறினால் டயர் விலை ஏறுகிறது. ஷீட் விலை இறங்கும்போது மட்டும் டயர் விலை அசையவே மாட்டேன் என்கிறது. கம்பெனிகள் பேசிவைத்துச் செய்கிறார்களா?
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் கோபம் புரிகிறது. 2024 ஆகஸ்டில் கோட்டயம் சந்தையில் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தாண்டி, 2011-இல் தொட்ட பழைய உச்சத்தையும் கடந்தது, அந்தச் சமயத்தில் டயர் விலையும் ஏறியது. ஆனால் ஒரு கார் டயரின் எடையில் இயற்கை ரப்பர் பாதிகூடக் கிடையாது. செயற்கை ரப்பர், டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கார்பன் பிளாக், நைலான் நூல், இவையெல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வருபவை, கச்சா எண்ணெய் விலையோடு ஏறி இறங்குபவை. அதற்கு மேல் எஃகுக் கம்பி இருக்கிறது. இயற்கை ரப்பரிலும் நாட்டின் தேவை வருடத்துக்குச் சுமார் 14 லட்சம் டன், இங்கே விளைவது அதில் 60 சதவீதம் சொச்சம்தான். மீதி இறக்குமதி, அதற்கும் சுங்கவரி உண்டு. அதனால் உங்கள் ஊர் ஷீட் விலை இறங்கினாலும் மற்ற செலவுகள் இறங்கியிருக்காமல் போகலாம்.

பேசிவைத்து ஏற்றுகிறார்களா என்று கேட்டீர்கள். லாரி, பஸ் டயர்களின் விலையை 2011–12-இல் கூட்டுச் சேர்ந்து நிர்ணயித்ததாக இந்தியப் போட்டி ஆணையம் ஐந்து பெரிய நிறுவனங்களுக்கு மொத்தம் 1,788 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவு 2022 பிப்ரவரியில் வெளியானது. நிறுவனங்கள் மறுத்து மேல்முறையீடு செய்தன, தீர்ப்பாயம் வழக்கை மறுபடி பார்க்கச் சொல்லி ஆணையத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. அதனால் நிரூபணமான குற்றம் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் விலை ஏற்றத்தை உடனேயும் இறக்கத்தை நிதானமாகவும் வாங்குகிறவர் தலையில் இறக்குவது சரியில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புது கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரியோடு 5,000 ரூபாய்க்கு விற்ற டயர் இந்தக் கணக்குப்படி 4,610 ரூபாய் பக்கம் வந்திருக்க வேண்டும். பில் கேட்டு வாங்குங்கள், அதில் வரி எவ்வளவு என்று பாருங்கள்.

சார், நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். புது டயர் ஒன்று 4,200 சொல்கிறார்கள். பழைய டயர் கடையில் 1,500-க்கு நல்ல பட்டனோடு (ரோட்டைப் பிடிக்கும் மேடு பள்ளத்தோடு) கிடைக்கிறது. நாலையும் மாற்றினால் பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம். போடலாமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம் தம்பி. உங்கள் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். 4,200 ரூபாய் டயர் காற்று, அலைன்மென்ட் ஒழுங்காகப் பார்த்தால் 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிலோமீட்டருக்குப் பத்தரை காசு. 1,500 ரூபாய் பழைய டயர் 10,000 ஓடினால் கிலோமீட்டருக்குப் பதினைந்து காசு. மாற்றுவதற்கும் பாலன்சிங்குக்கும் ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் கூலி இதில் சேரவில்லை, அந்த நேரத்தில் ஓடாமல் போகும் சவாரியும் சேரவில்லை. கையில் ஒரே தடவையாகப் பதினேழாயிரம் இல்லை என்பதுதான் உண்மையான பிரச்சினை, எனக்கும் தெரியும். அதற்கு வழி இரண்டிரண்டாக மாற்றுவது.

பணத்தை விட முக்கியமான விஷயம் இனிமேல்தான். "நல்ல பட்டன்" என்கிறீர்களே, அந்தப் பட்டன் டயரோடு பிறந்ததா என்று எப்படித் தெரியும்? மொட்டையான டயரில் சூடான கத்தியை வைத்துப் பள்ளம் வெட்டி, மேலே கறுப்பு பாலிஷ் அடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சில லாரி டயர்களில் மறுபடி வெட்டுவதற்கென்றே கூடுதல் ரப்பர் வைத்துச் செய்திருப்பார்கள். கார் டயரில் அது கிடையாது. வெட்டும் கத்தி பள்ளத்துக்கு அடியில் இருக்கும் கொஞ்சநஞ்ச ரப்பரையும் எடுத்துவிடும், அதற்கு அடுத்தது எஃகுக் கம்பி வலைதான். பள்ளத்தின் அடியில் கம்பி நெளிவது தெரிந்தாலோ, பள்ளங்கள் ஒரே ஆழத்தில் இல்லாமல் போனாலோ, பள்ளத்துக்குள் குறுக்கே இருக்க வேண்டிய சின்ன மேடுகள் வெட்டுப்பட்டிருந்தாலோ சந்தேகமே வேண்டாம், அது வெட்டு டயர். அந்த மேடுகள்தான் தேய்மானக் குறி. பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம், அதற்குக் கீழே போனால் மோட்டார் வாகன விதிப்படியே கார் ஓட்டக் கூடாது.

வெட்டாத, உண்மையிலேயே பட்டன் உள்ள பழைய டயரிலும் எனக்குப் பயம் இருக்கிறது. அது எந்த வண்டியிலிருந்து வந்தது, காற்று இல்லாமல் எத்தனை தூரம் ஓடியது, விபத்தில் சிக்கியதா, எதுவும் தெரியாது. காற்றில்லாமல் ஓடிய டயரின் உள்பக்கம் நூல் அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உங்கள் வண்டியில் தினமும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறுகிறார்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது.

இன்னொன்று. புது டயர் வாங்கும்போது பழையதைக் கடையிலேயே விட்டு வருகிறோம் இல்லையா, அதில் ஒரு பகுதி சுற்றி வந்து இப்படித்தான் விற்பனைக்கு நிற்கிறது. உங்கள் மொட்டை டயருக்குக் கடைக்காரர் பெரிதாக விலை கொடுக்கவில்லை என்றால், பக்கவாட்டில் கத்தியால் கிழித்துவிட்டே கொடுங்கள். அதோடு அந்த டயரின் ஓட்டம் முடிந்துவிடும்.

பெயர் தெரியாத கம்பெனியின் புது டயர், பெரிய கம்பெனி டயரை விட ஆயிரம் ரூபாய் குறைவு. பாதுகாப்பானதா?
– வாசகி, கோவை

புதியதாக, உங்கள் காருக்கு உரிய அளவில், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருந்தால் போடலாம். இந்தியாவில் விற்கும் கார் டயருக்கு அந்த முத்திரை கட்டாயம். 2022-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஈரச்சாலையில் பிடிப்பு, உருளும்போது ஏற்படும் இழுவை, சத்தம் மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரத்தைக் கட்டாயமாக்கியது. அதாவது மலிவு டயருக்கும் குறைந்தபட்சம் ஒரு தரைமட்டம் இருக்கிறது. எல்லா டயரும் ஒன்றுதான் என்று சொல்ல வரவில்லை, நல்ல ரப்பர் கலவை உள்ள டயர் மழையில் சில மீட்டர் முன்னாலேயே நிற்கும், அந்தச் சில மீட்டரில்தான் முன்னால் போகிறவரின் பைக் இருக்கும். மாதத்துக்கு இரண்டு தடவை நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவராக இருந்தால் அந்த ஆயிரம் ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். ஊருக்குள்ளேயே கடைக்கும் பள்ளிக்கும் ஓடும் சின்னக் காருக்கு மலிவுப் புது டயர் போதும்.

ஆனால் விலை குறைகிறதே என்று அளவை மாற்றாதீர்கள். டயரில் 165/80 ஆர்14 என்று அளவு இருக்கும், அதற்கு அடுத்து வரும் 85 மாதிரியான எண் எடை தாங்கும் குறியீடு. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 75 என்றால் 387 கிலோதான். "இது ஒல்லியாக இருக்கும், ஆனால் உட்காரும்" என்று கடையில் சொல்வார்கள். ரிம்மில் உட்காரும்தான். நாலு பேரும் டிக்கி நிறைய மூட்டையுமாகக் கிளம்பும்போது தாங்க வேண்டுமே.

இறக்குமதி டயர் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒரு தரம் யோசியுங்கள். 2020 ஜூனிலேயே புது டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு வந்துவிட்டது.

வெயில் காலத்தில் டயர் வெடிக்காமல் இருக்க காற்றைக் குறைத்து வைக்க வேண்டுமா? எங்கள் பெட்ரோல் பங்க்கில் அப்படித்தான் சொல்கிறார்கள்.
– வாசகர், வேலூர்

இதைச் சொல்லிச் சொல்லியே நிறைய டயர்களைக் கெடுத்திருக்கிறார்கள். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரியும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. வெளியே வெயிலால் வரும் சூட்டை விட, இப்படி உள்ளேயே பிறக்கும் சூடு ஆபத்தானது. சூடு ஏற ஏற ரப்பருக்கும் நூலுக்கும் இடையே உள்ள ஒட்டு விட்டுப்போகும், பிறகு ஒரு கட்டத்தில் டயர் கிழிந்துவிடும். நெடுஞ்சாலையில் மதியம் வெடித்த டயரைப் பார்த்து "காற்று அதிகமாகி வெடித்துவிட்டது" என்று பேசிக்கொள்வோம். பெரும்பாலும் நடந்தது நேர் எதிர்.

ஓடினால் காற்றழுத்தம் நாலைந்து புள்ளி ஏறுவது இயல்பு, டயர் அதற்கும் சேர்த்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஓடிச் சூடான டயரில் காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் அது தேவைக்குக் கீழே போயிருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூண் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள எண்ணை காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அல்லது பக்கத்து பங்க்குக்குப் போன உடனே பிடியுங்கள். முழு ஆள், முழு லக்கேஜ் என்றால் அதற்குத் தனி எண் அதிலேயே போட்டிருக்கும். டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 44 அல்லது 51 என்ற எண் உச்சவரம்பு, அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. பங்க் மீட்டரை முழுசாக நம்ப வேண்டாம், சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள், சில நூறு ரூபாய்தான்.

நைட்ரஜன் அடித்தால் டயர் அதிக நாள் வருமா?
– வாசகர், சேலம்

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாக அடித்தால் அடித்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு முறை காற்றுப் பார்ப்பவருக்கு அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

பட்ஜெட் இடிக்கிறது. இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?
– வாசகி, சிதம்பரம்

பின்னால். மெக்கானிக்குகளே பலர் முன்னால்தான் போடச் சொல்வார்கள், இன்ஜினும் ஸ்டியரிங்கும் அங்கேதானே என்பார்கள். ஆனால் டயர் நிறுவனங்கள் பின்னால் போடத்தான் சொல்கின்றன. தண்ணீர் தேங்கிய ரோட்டில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராக இழுக்கும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடிப்பு திரும்பிவிட வாய்ப்பு உண்டு. பின்சக்கரம் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்றுவிடும், நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது. பழைய டயரில் நன்றாக உள்ள இரண்டை முன்னால் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைக்கு 1.6 மில்லிமீட்டர் வரை காத்திருக்காமல் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் வெளியே தள்ளப்படும்.

அப்பாவின் கார் மாதம் ஒரு தடவை கோயிலுக்குப் போவதோடு சரி. டயர் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது, பட்டன் புதுசு மாதிரியே இருக்கிறது. மாற்றச் சொன்னால் "நீ சும்மா இரும்மா" என்கிறார்.
– வாசகி, கரூர்

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் டயரின் பக்கத்தைக் காட்டுங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்கள்தான் டயரின் பிறந்த தேதி. 3216 என்றால் 2016-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன, ஐந்து வருடத்துக்கு மேல் வருடா வருடம் ஒருவரிடம் காட்டிச் சோதிக்கவும் சொல்கின்றன. ஓடாமல் வெயிலில் நிற்கும் டயரில் ரப்பர் இறுகி மெல்லிய வெடிப்பு விடும். டார்ச் அடித்துப் பக்கச் சுவரிலும் பள்ளங்களின் அடியிலும் பாருங்கள், கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால் பேச்சே வேண்டாம், உடனே மாற்றுங்கள். அவர் மெதுவாகத்தான் ஓட்டுகிறார் என்றால் விலை குறைந்த புது டயரே போதும். ஸ்டெப்னியின் தேதியையும் மறக்காமல் பாருங்கள், அது பெரும்பாலும் கார் வாங்கிய நாளிலிருந்து அப்படியே கிடக்கும். கடையில் புதுசு வாங்கும்போதும் இதே நாலு எண்ணைப் பார்த்து, ஆறு மாதத்துக்குள் தயாரானதாகக் கேளுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

பள்ளத்தில் இறங்கி டயர் பக்கவாட்டில் முட்டை போல வீங்கியிருக்கிறது. பஞ்சர் கடையில் பேட்ச் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். இன்சூரன்ஸில் கிடைக்குமா?
– வாசகர், ஓசூர்

வீக்கம் என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது, வெறும் ரப்பர்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கச் சுவரில் எந்த ஒட்டும் நிற்காது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு டயர் கடைக்கு மெதுவாகப் போங்கள். ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால் அதில் எழுதியிருக்கும் வேகத்தைத் தாண்டாதீர்கள், வழக்கமாக 80 கிலோமீட்டர். இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, டயர் மட்டும் சேதமானால் சாதாரண பாலிசியில் கிடைக்காது. அதே அடியில் வண்டிக்கும் சேதம் ஆகியிருந்தால் டயர் விலையில் பாதி வரை கேட்கலாம். டயருக்கென்று தனியாகச் சேர்க்கும் பாதுகாப்பு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீங்கிய டயரைக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.