"முடியாது போ!" – சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரிடம் சில கேள்விகள்

கேள்வி: ஏழாம் வகுப்புப் பையன், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) உள்ளவன். நோட்டை எடு என்றாலே "முடியாது" என்கிறான். வெளியே நிற்க வைத்தால் இன்னும் கூடுகிறது, மேடம்.

பதில்: கூடத்தான் செய்யும் சார். எழுதுவதிலிருந்து தப்பிக்க அடம்பிடிக்கிறவனுக்கு வராண்டா தண்டனையல்ல, பரிசு. ஒரு வாரம் தாளில் மூன்று கட்டம் போட்டுக் குறித்து வாருங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. "திமிர் பண்ணினான்" என்று எழுதினால் பயனில்லை; "நோட்டைத் தள்ளிவிட்டு 2 நிமிடம் தலைகவிழ்ந்து கிடந்தான்" என்று எழுதுங்கள். பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில்தான் விடை இருக்கும்.

எழுதச் சொல்லும்போது மட்டும் வருகிறதென்றால் பத்துக் கணக்கை மூன்றாக்குங்கள். எதை முதலில் போடுவது என்பதை அவனே முடிவுசெய்யட்டும். மேசையில் ஓர் ஓய்வு அட்டை வையுங்கள். சத்தம் போடாமல் அதைக் காட்டினால் 3 நிமிடம் ஓய்வு, பிறகு விட்ட இடத்திலிருந்தே வேலை. அந்தத் திரும்புதலை விட்டுவிட்டால் அட்டையும் இன்னொரு வராண்டாதான். எழுதுவதில் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பல "அடங்காத" பிள்ளைகள் எழுதவராத பிள்ளைகள்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள மாணவி. நாலு தடவை சொன்னாலும் அசைவதில்லை.

பதில்: ஒரு தடவை போதும் டீச்சர். பக்கத்தில் போய், தணிந்த குரலில், ஒரே ஒரு வேலை. பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நடுவில் வேறு வார்த்தையில் சொன்னால் அவள் முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். "உட்காரலாமா?" என்று கேட்காதீர்கள். அதற்கு "வேண்டாம்" என்பதும் சரியான பதில்தானே!

கேள்வி: ஒரு பையன் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். கண்டுகொள்ளாமல் விட்டேன், தட்டுவது இரட்டிப்பாகிவிட்டது.

பதில்: கவனம் கிடைக்காவிட்டால் முதலில் அப்படித்தான் ஏறும். அந்த உச்சத்தில் பொறுக்காமல் திட்டினால், பலமாகத் தட்டினால்தான் பலிக்கும் என்று கற்றுக்கொள்வான். தட்டாமல் கை தூக்கி அழைத்தால் அந்த நொடியே அவனைக் கவனியுங்கள். இது இல்லாத புறக்கணிப்பு வெறும் புறக்கணிப்பு. தன்னையோ பிறரையோ அடிக்கிற பிள்ளையிடம் இந்த முறை கூடாது.

கேள்வி: என் பிள்ளை அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. சேட்டை தாங்கவில்லை, டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள் அம்மா. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16-இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை நீக்க முடியாது. பிரிவு 17 அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. நீக்குவதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கூடவே அந்த மூன்று கட்டத் தாளையும் கேளுங்கள்.