கலிஃபோர்னியாவின் காவல் நிதி: யாருக்கு, எந்தக் கணக்கில்? கேள்வி பதில்

கலிஃபோர்னியா மாநில அரசு தன் நகரக் காவல் துறைகளுக்கும் 58 கவுண்டிகளின் (நம் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பகுதிகள்) காவலைக் கவனிக்கும் ஷெரிஃப் அலுவலகங்களுக்கும் தரும் நிதியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, உள்ளாட்சி வரவுசெலவுக் கணக்குகளை நெடுநாளாகப் படித்துவரும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (சன்னிவேல் வாசகர்): தமிழ்நாட்டில் காவல் துறைக்குச் சட்டமன்றத்தில் ஒரே மானியக் கோரிக்கைதான் வைக்கப்படுகிறது. இங்கும் அப்படி ஓர் ஒற்றை ஒதுக்கீடு உண்டா, ஐயா?

பதில்: இல்லை. தமிழ்நாட்டில் மாநிலம் முழுமைக்கும் மாநில அரசின் கீழ் காவல் துறை ஒன்றே. இங்கோ நகரக் காவல் துறை நகர மன்றத்துக்குக் கட்டுப்பட்டது. ஷெரிஃப், கவுண்டி மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். இவர்களுடைய செலவின் பெரும்பகுதி சொத்து வரி, விற்பனை வரி போன்ற உள்ளூர் வருவாயிலிருந்தே வருகிறது. மாநிலப் பணம் அதற்குத் துணையாக வருவது. ஆனால் 1978இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியின் பொது விகிதத்தை ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டதால், அந்தத் துணையைத் தள்ளிவிட்டு நிற்க உள்ளாட்சிகளால் இன்று முடியாது.

கேள்வி (பொதுநிர்வாக மாணவி): மாநிலப் பணம் எந்தச் சூத்திரத்தின்படி பிரிகிறது?

பதில்: சூத்திரம் ஒன்றல்ல. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நெருக்கடிகளுக்காக உருவான நிதிகள் தத்தம் பிறந்த காலத்தின் கணக்கை இன்றும் சுமந்துகொண்டு நிற்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, 1993ஆம் ஆண்டின் அரை சதவீத விற்பனை வரி. அப்போது பற்றாக்குறையில் இருந்த மாநில அரசு, உள்ளாட்சிகளின் சொத்து வரியில் ஒரு பகுதியை எடுத்துப் பள்ளிகளுக்குத் திருப்பியது. அந்த இழப்பைத் தணிப்பதற்காக 172ஆம் முன்மொழிவு மக்கள் முன் வைக்கப்பட்டு நிறைவேறியது. இதன் வருவாய், மாநிலத்தின் மொத்த வரிக்குரிய விற்பனையில் ஒவ்வொரு கவுண்டிக்கும் உள்ள பங்கின்படி பிரிக்கப்படுகிறது. கவுண்டிக்குள் வந்த பிறகு, 1993இல் சொத்து வரியை இழந்த நகரங்களுக்கு மட்டும் ஒரு சிறு பங்கு போகிறது. மாநில அளவில் பார்த்தால் நகரங்களுக்குச் சேர்வது சுமார் 6 சதவீதமே; மிச்சமெல்லாம் கவுண்டிகளுக்கு. அந்தத் தொகையும் ஷெரிஃபுக்கு மட்டும் உரியதன்று. சிறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம், தீயணைப்பு எனப் பலரும் அதில் கை நனைக்கிறார்கள். குற்றம் எங்கே கூடியது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் எழுவதில்லை. பெரிய வணிக வளாகங்கள் எங்கே இருக்கின்றன என்பதுதான் எழுகிறது.

இரண்டாவது, 1996இல் தொடங்கப்பட்டு, ‘காப்ஸ்’ (COPS – Citizens' Option for Public Safety) என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிதி. 2000ஆம் ஆண்டில் இதனுடன் சிறார் நீதித் திட்டங்களும் சேர்க்கப்பட்டன. சட்டம் வகுத்துள்ள பங்கீட்டின்படி 50 சதவீதம் சிறார் நீதிக்கும், 39.7 சதவீதம் நகரங்கள் மற்றும் கவுண்டியின் முன்னணிக் காவல் பணிக்கும், தலா 5.15 சதவீதம் கவுண்டிச் சிறைக்கும் அரசு வழக்கறிஞருக்கும் செல்கின்றன. மக்கள்தொகையே இதன் அளவுகோல்.

மூன்றாவது, 2011ஆம் ஆண்டின் பொறுப்பு மாற்றத்தோடு வந்த நிதி. அதைப் பற்றித் தனியே கேள்வி வந்திருப்பதால் கீழே சொல்கிறேன்.

கேள்வி (கூப்பர்டினோ வாசகர்): எங்கள் ஊரில் நகரக் காவல் துறையே கிடையாது, சான்டா கிளாரா கவுண்டி ஷெரிஃபின் வண்டிகள்தான் ரோந்து வருகின்றன. அப்படியானால் காப்ஸ் பணம் எங்களுக்கு இல்லையா?

பதில்: உண்டு. காவல் பணியை ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கும் நகரமும் பங்குபெறத் தகுதியுடையதே. பணிக்கான கோரிக்கையை ஷெரிஃப் தரப்பு எழுத்தில் தரும். செலவை நகர மன்றம் ஒதுக்கும். நடைமுறையில் அது ஒப்பந்தக் கட்டணத்தின் ஒரு பகுதியை ஈடுகட்டும். இந்த ஒப்பந்த முறை புதிதன்று. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலுள்ள லேக்வுட் 1954இல் தனி நகரமானபோதே தொடங்கிவைத்த வழி இது.

கேள்வி (லாங் பீச் வாசகர்): மக்கள்தொகைதான் அளவுகோல் என்றால் சிற்றூர்களுக்கு ஒன்றும் மிஞ்சாதே?

பதில்: அதற்காகத்தான் ஓர் அமைப்புக்குக் குறைந்தது 1,00,000 டாலர் என்று சட்டம் உறுதி தந்திருக்கிறது. இதன் விளைவை அறிய லாஸ் ஏஞ்சலஸை ஒட்டியுள்ள வெர்னனைப் பாருங்கள். தொழிற்சாலைகளால் நிறைந்த அந்த நகரத்தில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குடியிருப்போர் 222 பேர். சொந்தக் காவல் துறையும் உண்டு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும் தலைக்கு 450 டாலர். ஏறத்தாழ 39 லட்சம் பேர் வாழும் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் தலைக்குக் கிடைப்பது ஒருசில டாலர்களே. பகலில் வெர்னனுக்கு வேலைக்கு வருவோர் பல்லாயிரம் பேர் என்பதால் இதை முழு அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பகல் கூட்டத்தைச் சூத்திரம் எண்ணவில்லை. அடித்தளத் தொகை தற்செயலாக அங்கே பொருந்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி (ஓக்லாண்ட் வாசகர்): குற்றங்கள் கூடினால் மாநிலம் கூடுதல் பணம் தருமா?

பதில்: மேலே சொன்ன முதல் இரண்டிலும் தராது. போட்டி மானியங்களில் கிடைக்க வாய்ப்பு உண்டு. திட்டமிட்ட கடைத் திருட்டுகளைத் தடுக்க 2023இல் 55 உள்ளூர் அமைப்புகளுக்கு 26.7 கோடி டாலர் வழங்கப்பட்டது இந்த வகையே. விண்ணப்பம் எழுதுவதற்கென்றே ஆள் வைத்திருக்கும் துறைகளுக்கு இதில் கை ஓங்கியிருக்கும். பத்துப் பதினைந்து பேரை வைத்து ஊரைக் காக்கும் காவல் தலைவர், இரவுப் பணிக்கு ஆள் தேடுவாரா, நூறு பக்க விண்ணப்பத்தை நிரப்புவாரா? மேலும் இது காலக்கெடு உள்ள பணம். இதை நம்பி நிரந்தரப் பணியிடம் உருவாக்கினால், மானியம் முடிந்த ஆண்டில் அந்தச் சம்பளம் பொது நிதியின் தலையில் விழும்.

கேள்வி (சேக்ரமென்டோ வாசகர்): 2011இல் என்ன மாறியது? அந்தப் பணத்தை யார் பிரிக்கிறார்கள்?

பதில்: மாநிலச் சிறைகளின் நெரிசலை, வடிவமைத்த கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும் என்ற உத்தரவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் உறுதிசெய்தது. கடுமையற்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றோரின் பொறுப்பு, அவ்வாண்டு அக்டோபர் முதல் கவுண்டிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. விற்பனை வரியிலும் வாகன உரிமக் கட்டணத்திலும் ஒரு பங்கு உடன் வந்தது. காப்ஸ் நிதியும் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. 2012இல் 30ஆம் முன்மொழிவு நிறைவேறியபோது இந்த வருவாய்க்கு மாநில அரசமைப்புச் சட்டத்தின் காப்பும் கிடைத்தது.

முதல் ஆண்டுப் பங்கீட்டில், கவுண்டிக்கு வந்துசேரும் என்று மதிப்பிடப்பட்ட கைதிகளின் எண்ணிக்கைக்கு 60 சதவீதம், மக்கள்தொகைக்கு 30 சதவீதம், நன்னடத்தைக் கண்காணிப்பில் (தண்டனை பெற்றவரைச் சிறைக்கு வெளியே வைத்துக் கண்காணிப்பது) காட்டிய திறனுக்கு 10 சதவீதம் என எடை தரப்பட்டது. சிறிய குற்றத்துக்கும் ஆட்களை மாநிலச் சிறைக்கு அனுப்பிப் பழகிய கவுண்டிக்கு அதிகப் பணம். உள்ளூரிலேயே சமாளித்துவந்த கவுண்டிக்குக் குறைவு. முறை தவறாமல் நடந்தவர்கள் முகம் சுளித்தார்கள், அது நியாயமும்கூட. பின்னர் சூத்திரம் திருத்தப்பட்டது.

கவுண்டிக்குள் இதற்கான திட்டத்தைத் தீட்டுவது தலைமை நன்னடத்தை அலுவலர் தலைமையிலான குழு. ஷெரிஃப், ஒரு நகரக் காவல் தலைவர், அரசு வழக்கறிஞர், குற்றம் சாட்டப்பட்ட வசதியற்றோருக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர், நீதிமன்றப் பிரதிநிதி, சமூகநலத் துறை ஒன்றின் தலைவர் ஆகியோருக்கு அதில் வாக்குண்டு. அக்குழுவின் திட்டத்தை நிராகரிக்கக் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் வேண்டும். இத்தனை நகரங்கள் இருக்க, நகரக் காவலுக்கு ஒரே ஒரு வாக்கு என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி (ஃபிரீமான்ட் வாசகர்): மாநிலப் பணம் வந்ததும் நகர மன்றம் தன் பங்கைக் குறைத்துக்கொண்டால்?

பதில்: காப்ஸ் பணம் ஏற்கெனவே உள்ள செலவுக்கு மாற்றாக இருக்கக்கூடாது, அதில் நிர்வாகச் செலவு அரை சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. விற்பனை வரி நிதிக்கும் 1992-93ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட குறைந்தபட்சச் செலவு நிபந்தனை உண்டு. ஆயினும், ‘மாநிலப் பணம் இல்லாதிருந்தால் நகரம் எவ்வளவு கூட்டியிருக்கும்?’ என்பதை எந்தத் தணிக்கையாளராலும் நிறுவ முடியாது; நழுவும் இடம் அங்கேதான் இருக்கிறது. காப்ஸ் நிதிக்கான கோரிக்கையை நகர மன்றம் பொது நிதி ஒதுக்கீட்டிலிருந்து தனியாக, செப்டம்பர் மாதப் பொது விசாரணையில் பரிசீலிக்க வேண்டும் என்பது சட்டம். பல நகரங்களில் இது விவாதமின்றிக் கடந்துபோகும். காவல் தலைவரின் எழுத்துக் கோரிக்கையை நிகழ்ச்சி நிரலில் தேடி எடுத்து, முந்தைய ஆண்டின் கோரிக்கையோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். போன ஆண்டு பொது நிதியில் இருந்த வாகனச் செலவு இந்த ஆண்டு காப்ஸ் கணக்கில் ஏறியிருந்தால், அந்த விசாரணையிலேயே எழுந்து காரணம் கேட்கலாம்.